கனவில் பூனை வந்தால் என்ன பலன்?

எகிப்தில் நைல் நதியின் மேற்குக் கரையில் தெயிர் எல் மெதினா என்றொரு சிற்றூர் இருந்தது. அரசர்களுக்குக் கல்லறை குடைந்து, அதன் சுவர்களில் ஓவியம் தீட்டிய கைவினைஞர்கள் அங்கே குடும்பத்தோடு வாழ்ந்தார்கள். அந்த ஊரின் எழுத்தர் கென்ஹெர்கெப்ஷெஃப் வைத்திருந்த ஒரு பாப்பிரஸ் (நாணல் தாள்) சுருள் இன்று லண்டனில் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. கி.மு. 13-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த கனவு நூல் அது.

சுருளின் ஒவ்வொரு பக்கத்தின் ஓரத்திலும் "ஒருவன் கனவில் தன்னைக் கண்டால்" என்று மேலிருந்து கீழாக ஒரு முறை எழுதியிருக்கும். அதை ஒட்டி, வரிக்கு ஒரு கனவு. ஒவ்வொன்றின் பக்கத்திலும் "நல்லது" அல்லது "கெட்டது", அப்புறம் பலன். "கெட்டது" என்ற சொல் மட்டும் சிவப்பு மையில். பஞ்சாங்கத்தில் பல்லி விழும் பலன் படித்தவர்களுக்கு இந்த அமைப்பு புதிதாகத் தெரியாது.

பெரிய பூனையைக் கண்டால் நல்லது, பெரிய அறுவடை வரும். கழுதைக் கறி தின்றால் நல்லது, பதவி உயரும். வெள்ளை ரொட்டி கிடைத்தால் நல்லது, முகம் பிரகாசிக்கும்படி ஏதோ நடக்கும். பூனைக்கும் அறுவடைக்கும் என்ன சம்பந்தம்? எலி பிடிக்கும் என்று சமாதானம் சொல்லிக்கொள்ளலாம். கழுதைக் கறிக்கு என்ன சொல்வது?

எகிப்திய மொழியிலேயே படித்தால்தான் விடை கிடைக்கும். பெரிய பூனை 'மியு ஆ'. பெரிய அறுவடை 'ஷெமு ஆ'. கழுதைக்குப் பெயர் 'ஆ', பெரிய என்பதற்கும் 'ஆ'. வெண்மை 'ஹெஜ்', ஒளிர்வதும் 'ஹெஜ்'. கனவில் வந்த பொருளைப் பார்த்துப் பலன் சொல்லவில்லை. அந்தப் பொருளின் பெயரைக் காதில் வாங்கிப் பலன் சொன்னார்கள். கனவு நூல் ஒரு வகையில் சிலேடை அகராதி.

எகிப்தியர்கள் உயிர் ஒலிகளை எழுதவில்லை. மேலே தந்த உச்சரிப்பெல்லாம் அறிஞர்கள் வசதிக்காக வைத்துக்கொண்டது. எபிரேயமும் அரமேயமும் பெரும்பாலும் மெய்யெழுத்துகளையே நம்பியவை. அப்படிப்பட்ட எழுத்தில் என்ன நடக்கும் என்பதைத் தமிழில் செய்து பார்ப்போம். உயிர்க்குறிகளை எல்லாம் எடுத்துவிட்டால் கல், கால், கோல், கூலி, கொலை அத்தனையும் க, ல என்ற இரண்டு எழுத்தாகிவிடும். கனவில் கோல் பிடித்தவனுக்குக் கூலி கிடைக்கும் என்றும் சொல்லலாம், கொலை நடக்கும் என்றும் சொல்லலாம். எழுத்தே வழி திறந்துவிடுகிறது.

மெசொப்பொத்தேமியாவில் (இன்றைய ஈராக் பகுதி) எழுத்து வேறு விதம், விளைவு அதேதான். களிமண்ணில் ஆப்பு வடிவில் பதித்த ஆப்பெழுத்தில் ஒரே குறியைப் பல விதமாக வாசிக்க முடியும். எந்தக் குறிக்கு எத்தனை வாசிப்பு என்று பட்டியல் போட்டு மனப்பாடம் செய்வதுதான் அங்கே எழுத்தர்களின் படிப்பு. நினிவேயில் அசூர்பனிபால் என்ற அசீரிய அரசரின் நூலகத்தில் (கி.மு. 7-ஆம் நூற்றாண்டு) 11 களிமண் பலகைகள் கொண்ட கனவு நூல் ஒன்று இருந்தது. அதில் ஒரு வரி: கனவில் அண்டங்காக்கையைத் தின்றால் வருமானம் வரும். அங்கே வழங்கிய அக்காடிய மொழியில் அண்டங்காக்கை 'அர்பு', வருமானம் 'இர்பு'.

இதை வேடிக்கை என்று தள்ளிவிடக் கூடாது. பலியிட்ட ஆட்டின் ஈரலில்கூடத் தெய்வம் செய்தி எழுதுகிறது என்று நம்பியவர்கள் அவர்கள். பொருளும் பெயரும் அவர்களுக்குத் தனித்தனி அல்ல. இரண்டு சொற்கள் ஒத்து ஒலித்தால் அந்த இரண்டு பொருள்களுக்கும் நடுவே உண்மையான உறவு உண்டு. அதைக் கண்டுபிடிப்பது கல்வி. அவர்களுடைய முடிவு தவறு என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் அந்த முறைக்குள் ஒழுங்கு இருந்தது, உழைப்பும் இருந்தது.

வேதாகமத்திலும் இந்தக் கலையின் தடம் தெரியும். ஆதியாகமம் 40-ஆம் அதிகாரத்தில் யோசேப்பு சிறையில் இரண்டு பேருடைய கனவுக்குப் பொருள் சொல்கிறார். பானபாத்திரக்காரனிடம், மூன்று நாளில் பார்வோன் உன் தலையை உயர்த்துவார் என்கிறார். அப்பம் சுடுகிறவனிடமும் தொடக்கத்தில் அதே சொற்கள்தான். முதலாமவனுக்குத் தலை உயர்ந்தது என்றால் வேலை திரும்பக் கிடைத்தது. இரண்டாமவனுக்குத் தலை உடலைவிட்டே எடுக்கப்படும், உடல் மரத்தில் தொங்கும். ஒரே சொற்றொடர், ஒன்று வாழ்வு, ஒன்று சாவு. ஆமோஸ் தீர்க்கதரிசி தரிசனத்தில் காண்பது ஒரு கூடை கோடைக்காலப் பழம். எபிரேயத்தில் அந்தப் பழம் 'கயிட்ஸ்'. உடனே இறைவன் சொல்வது: என் ஜனத்துக்கு முடிவு, 'கேட்ஸ்', வந்தது. தமிழில் வாசிக்கும்போது பழத்துக்கும் முடிவுக்கும் இருந்த கயிறு அறுந்துபோகிறது.

கிரேக்கர்களிடமும் இது உண்டு. கி.மு. 332-இல் தீர் நகரத்தை முற்றுகையிட்ட அலெக்சாந்தர், பாதி மனிதனும் பாதி விலங்குமான 'சாத்திரோஸ்' ஒன்றைக் கனவில் கண்டார். அவருடைய குறிசொல்லி அரிஸ்தாந்தர் அந்தப் பெயரை இரண்டாகப் பிரித்தார்: 'சா திரோஸ்'. தீர் உன்னுடையது! ஏழு மாத முற்றுகைக்குப் பிறகு நகரம் விழுந்தது.

யூத அறிஞர்களின் சட்ட விவாதங்களையும் கதைகளையும் தொகுத்த பாபிலோனிய தல்மூதுக்கு வந்தால் மறுபடியும் ஒரு பூனை. அங்கே பலன், நீங்கள் எந்த ஊர் என்பதைப் பொறுத்தது. பூனையை 'ஷூன்ரா' என்று சொல்லும் ஊர்க்காரருக்கு அழகிய பாடல், 'ஷிரா நாஆ', வரும். 'ஷின்ரா' என்று சொல்லும் ஊராக இருந்தால் கெட்ட மாற்றம், 'ஷினுய் ரா'. ஒரே பூனை, வட்டார வழக்கு மாறினால் விதியும் மாறிவிடுகிறது.

அதே பகுதியில் பார் ஹெத்யா என்ற கனவுப் பலன் சொல்பவரின் கதை வருகிறது. அபாயே, ராவா என்ற இரண்டு அறிஞர்கள் ஒரே கனவைச் சொல்லிக்கொண்டு அவரிடம் போகிறார்கள். அபாயே காசு கொடுக்கிறார், ராவா கொடுக்கவில்லை. பீப்பாய் வாயில் லெட்டூஸ் கீரை முளைத்ததாகக் கனவு. காசு கொடுத்தவருக்கு, உங்கள் வியாபாரம் இந்தக் கீரை மாதிரி பெருகும். கொடுக்காதவருக்கு, உங்கள் வியாபாரம் இந்தக் கீரை மாதிரி கசக்கும். நடந்ததும் அப்படியே என்கிறது கதை. பிறகு ஒரு நாள் பார் ஹெத்யாவின் புத்தகம் கை தவறி விழ, ராவா எடுத்துப் பார்க்கிறார். உள்ளே எழுதியிருந்தது: "எல்லாக் கனவும் வாயைப் பின்தொடரும்." தனக்கு நேர்ந்த இழப்புகள் எல்லாம் இவன் வாயிலிருந்து வந்தவையா என்று ராவா கொதித்துப்போகிறார்.

பலன் சொல்பவர் பலனைக் கண்டுபிடிப்பதில்லை, உண்டாக்குகிறார் என்று அந்த அறிஞர்களே யோசித்திருக்கிறார்கள். எனக்கு இது பெரிய விஷயமாகத் தோன்றுகிறது.

அக்காடியத்தில் கனவுக்குப் பொருள் சொல்வதைக் குறிக்கும் சொல் 'பஷாரு'. முடிச்சை அவிழ்ப்பது, கரைப்பது என்றும் அதற்குப் பொருள். தானியேல் நூலில் வரும் அரமேயச் சொல்லும் இதற்கு உறவுதான். அதனால் கெட்ட கனவை அவிழ்த்துக் கரைத்துவிட வழிகளும் இருந்தன. மெசொப்பொத்தேமியாவில் ஒரு களிமண் உருண்டையிடம் கனவைச் சொல்லித் தண்ணீரில் போடுவார்கள். மண் கரையக் கரையக் கனவும் கரையும். கென்ஹெர்கெப்ஷெஃபின் சுருளிலும் ரொட்டியையும் பச்சைக் கீரையையும் பீரில் நனைத்துச் செய்யும் சடங்கு ஒன்று இருக்கிறது.

தல்மூதின் வழிக்கு மண்ணும் வேண்டாம், பீரும் வேண்டாம். கனவு கண்டு மனம் கலங்கியவர் மூன்று பேரைக் கூட்டி அவர்கள் முன்னால் நிற்க வேண்டும். "நல்ல கனவு ஒன்று கண்டேன்" என்று சொல்ல வேண்டும். அந்த மூவரும் பதில் சொல்வார்கள்: "நல்லதுதான், நல்லதாகவே ஆகட்டும்."