"அவர் அப்படிச் சொல்லக்கூடிய ஆள்தானே?"

செய்தி சரிபார்ப்பு வேலைக்கு வந்த புதிதில், ஆதாரத்தை எடுத்து வைத்துவிட்டால் விஷயம் முடிந்தது என்று நினைத்திருந்தேன். ஓர் அரசியல்வாதி சொன்னதாக ஒரு வீடியோத் துண்டு பரவியது. தேடிப் பிடித்து முழுப் பேச்சையும் பார்த்தோம். எதிரணி சொன்னதை எடுத்துச் சொல்லி, உடனே அதை மறுக்கிறார் அவர். மறுப்பை வெட்டிவிட்டு முன்பாதியை மட்டும் ஓடவிட்டிருந்தார்கள். எழுதிப் போட்டோம். படித்துவிட்டு ஒருவர் போனில் கூப்பிட்டார்.

"நீங்க போட்டது சரிதான் சார். ஆனா அவர் அப்படிச் சொல்லக்கூடிய ஆள்தானே?"

அவர் ஏமாந்தவர் இல்லை. ஆதாரத்தைப் பார்த்தார், ஒப்புக்கொண்டார். அது நடந்ததா என்ற கேள்வி அவருக்குத் தேவைப்படவில்லை, அவ்வளவுதான். பொய்யை நம்புகிறவரிடம் பேச எனக்கு வழி தெரியும். இவரிடம் என்ன பேசுவது என்று அன்றைக்குத் தெரியவில்லை.

எங்களிடம் வருவதில் முழுப் பொய் குறைவு. பழைய படம், புது விவரம். எங்கோ எடுத்த வீடியோ, வேறு நாட்டின் பெயர். அதிகம் படுத்துவது புள்ளிவிவரம்தான். பொருளாதாரம் படுத்துக் கிடந்த ஆண்டிலிருந்து கணக்கைத் தொடங்கினால் எந்த ஆட்சியும் வளர்ச்சி காட்டலாம்; உச்சத்தில் இருந்த ஆண்டிலிருந்து தொடங்கினால் எந்த ஆட்சியையும் கவிழ்க்கலாம். ஒவ்வோர் எண்ணும் சரியாக இருக்கும், சொல்ல வருவது மட்டும் தப்பு. இதற்குப் 'பொய்' என்று முத்திரை குத்தவும் முடியாது.

அப்புறம், திரும்பத் திரும்பச் சொல்வது. 1977இல் அமெரிக்காவில் ஹாஷர், கோல்ட்ஸ்டீன், டொப்பினோ என்ற மூன்று உளவியலாளர்கள் மாணவர்களிடம் சில வாக்கியங்களைக் கொடுத்து, எவ்வளவு உண்மை என்று கேட்டார்கள். இரண்டு வார இடைவெளியில் மூன்று முறை. திரும்ப வந்த வாக்கியங்கள், உண்மையோ பொய்யோ, ஒவ்வொரு முறையும் கூடுதல் உண்மையாகத் தோன்றின. 2015இல் லிசா ஃபேசியோவும் சகாக்களும் ஒரு படி மேலே போனார்கள். ஸ்காட்லாந்துக்காரர்கள் அணியும் மடிப்புப் பாவாடைக்குச் சேலை என்று பெயர் — இந்த மாதிரி வாக்கியங்களை மறுபடியும் காட்டினார்கள். சரியான விடை தெரிந்தவர்களுக்கும் திரும்ப வந்த வாக்கியம் கூடுதல் உண்மையாகத் தோன்றியது. படித்தவர்கள் தப்பித்துவிடுவார்கள் என்ற நம்பிக்கை எனக்கு அதோடு போனது.

அதனால் மறுப்பு எழுதும்போது நடந்ததை முதலில் சொல்கிறோம். வதந்தியைத் தலைப்பில் வைப்பதில்லை, உள்ளே ஒரே ஒரு முறை. முன்பு தலைப்பிலேயே வைத்து நாங்களும் அதைப் பரப்பியிருக்கிறோம், வேறென்ன சொல்ல.

செயற்கை நுண்ணறிவில் செய்த போலி வீடியோக்களைப் பற்றி நிறைய பேசுகிறார்கள். அதைவிட நான் பயப்படுவது, அசல் வீடியோவில் மாட்டிக்கொண்டவர் "இது டீப்ஃபேக்" என்று கைகழுவுவதைத்தான். செஸ்னி, சிட்ரன் என்ற சட்டப் பேராசிரியர்கள் இதைப் பொய்யருக்குக் கிடைக்கும் லாபம் என்றார்கள். அந்த லாபம் கிடைக்க யாரும் பொய்யரை நம்ப வேண்டியதில்லை. "யார் கண்டது, எல்லாருமே இப்படித்தான்" என்று அலுத்துக்கொண்டால் போதும்.

அந்த மாதிரி போன் இப்போதும் வருகிறது. நான் வாதாடுவதில்லை. "அந்த வீடியோவை எந்த குரூப்பில் போட்டீர்களோ, அதே குரூப்பில் இந்த மறுப்பையும் போடுவீர்களா?" என்று மட்டும் கேட்கிறேன். சிலர் உடனே வைத்துவிடுகிறார்கள். சிலர் சரி, போடுகிறேன் என்கிறார்கள். போட்டார்களா என்று சரிபார்க்க எங்களிடம் வழியில்லை.