அம்மா வழிச் சமோரோ, அப்பா வழிச் சமோரோ

1914 ஆகஸ்ட் 5 அன்று வாஷிங்டனில் ஓர் ஒப்பந்தம் கையெழுத்தானது. நிக்கராகுவாவின் குறுக்கே கால்வாய் வெட்டும் உரிமை 30 லட்சம் டாலருக்கு அமெரிக்காவின் கைக்குப் போனது. அமெரிக்கா சார்பில் வெளியுறவு அமைச்சர் பிரையன், நிக்கராகுவா சார்பில் எமிலியானோ சமோரோ. பிரையன்–சமோரோ ஒப்பந்தம் என்றே வரலாற்றில் அதற்குப் பெயர். (கால்வாய் கடைசிவரை வெட்டப்படவே இல்லை.) அதே ஆண்டில் பசிபிக் பெருங்கடலின் மறுகோடியில், பிலிப்பைன்ஸுக்குக் கிழக்கே இருக்கும் குவாம் தீவை அமெரிக்கக் கடற்படை ஆண்டுகொண்டிருந்தது. அந்தத் தீவின் பூர்வகுடிகளுக்கும் சமோரோ என்றுதான் பெயர்.

ஒன்று மத்திய அமெரிக்காவில் தலைமுறை தலைமுறையாக அதிபர்களைத் தந்த ஒரு குடும்பம். மற்றொன்று குவாமை உள்ளடக்கிய மரியானா தீவுகளில் சுமார் 3,500 ஆண்டுகளாக வாழ்ந்துவரும் ஓர் இனம். இரண்டு இடங்களையும் ஸ்பெயின்காரர்கள் ஆண்டார்கள், இரண்டின் மீதும் பிறகு அமெரிக்காவின் கை விழுந்தது. அதனால் 'ஒருவேளை சொந்தமோ' என்ற சந்தேகம் வருவது இயல்பு. சொந்தம் இல்லை. அது எப்படித் தெரியும் என்பதில்தான் சுவாரசியம் இருக்கிறது.

பெயரை முதலில் முடித்துவிடலாம். ஸ்பானிஷில் 'சமோரோ' என்றால் முடியை ஒட்ட வெட்டியவர், மொட்டைத் தலையர். முதலில் பட்டப்பெயராக இருந்து பிறகு குடும்பப் பெயரானது. மரியானாவில் கதை வேறு. 1565இல் ஸ்பானியத் தளபதி லெகாஸ்பியின் கப்பல்கள் அங்கே நின்றபோது, படகில் வந்தவர்கள் 'சமுர்ரே' என்று குரல் கொடுத்ததாகப் பயணக் குறிப்பு சொல்கிறது. நண்பர்கள் என்று சொல்கிறார்கள் போலும் என்று ஸ்பெயின்காரர்கள் எடுத்துக்கொண்டார்கள். அந்தச் சமூகத்தின் உயர்குடிக்கு 'சமோர்ரி' என்று பெயர் இருந்ததும் பதிவாகியிருக்கிறது. அங்கிருந்த ஆண்கள் தலையை மழித்து உச்சியில் மட்டும் குடுமி வைத்திருந்தார்கள் என்பதால், வந்தவர்கள் தங்களுக்குத் தெரிந்த சொல்லோடு அதைச் சேர்த்துக் கேட்டிருக்கவும் கூடும். உள்ளூர்ச் சொல்லும் ஸ்பானிஷ் சொல்லும் ஒலியில் மோதிக்கொண்ட விபத்து இது. எழுத்து ஒன்றாக இருப்பதை வைத்து உறவைப் பற்றி எதையும் சொல்ல முடியாது.

அப்படியானால் உடம்பிடம்தான் கேட்க வேண்டும். நம் மரபுப்பொருளில் பெரும்பகுதி, அம்மா பாதி அப்பா பாதி என்று ஒவ்வொரு தலைமுறையிலும் கலைத்துப் போடப்படுகிறது. இரண்டு துண்டுகள் மட்டும் பெரும்பாலும் கலையாமல் வருகின்றன. ஒன்று மைட்டோகாண்ட்ரியா டி.என்.ஏ. செல்லுக்கு ஆற்றல் தயாரிக்கும் மைட்டோகாண்ட்ரியாவுக்குள் இருக்கும் இந்தச் சின்ன வளையத்தில் 16,569 வேதி எழுத்துகள். கருமுட்டைக்குள் நுழையும் விந்தணுவின் மைட்டோகாண்ட்ரியா அழிக்கப்பட்டுவிடுவதால், மகனோ மகளோ, இருவருக்கும் இது அம்மாவிடமிருந்தே வரும். அடுத்த தலைமுறைக்குக் கொடுப்பவள் மகள் மட்டுமே. இன்னொன்று ஒய் குரோமோசோம். அப்பாவிடமிருந்து மகனுக்கு, மகனிடமிருந்து பேரனுக்கு. இதில் சுமார் 6 கோடி எழுத்துகள்.

இரண்டிலும் எப்போதாவது ஓர் எழுத்து பிசகும். பிசகியது அப்படியே கீழே இறங்கும். ஒரே பிசகு இருவரிடம் இருந்தால், அவர்களுக்கு எங்கோ ஒரு பொதுப் பாட்டியோ பாட்டனோ இருந்திருக்க வேண்டும். பிசகுகளை வரிசைப்படுத்தினால் கிளைவிட்ட மரம் கிடைக்கும். அந்தக் கிளைகளுக்கு எழுத்தும் எண்ணும் சேர்த்துப் பெயர் வைத்திருக்கிறார்கள்.

பழைய சமோரோ சமூகம் தாய்வழிச் சமூகம். குழந்தை அம்மாவின் குலத்தைச் சேர்ந்தது. குலத்தில் மூத்த பெண்ணுக்கு 'மகாஹாகா' என்று பட்டம், அவளோடு சேர்ந்து நடத்தும் ஆணுக்கு 'மகாலாஹி'. நிக்கராகுவாவின் சமோரோ குடும்பமோ தந்தைவழிப் பெயரால் கட்டப்பட்டது. ஒன்று மைட்டோகாண்ட்ரியா போகும் பாதை, மற்றது ஒய் குரோமோசோம் போகும் பாதை. உயிரியல் இதைத் திட்டமிட்டுச் செய்யவில்லை. ஆனால் பாடம் நடத்த இதைவிட நல்ல ஜோடி கிடைக்காது.

குவாமின் வடமுனையில் ரிட்டிடியன் என்ற கடற்கரை. அங்கே ஒரு குகையை ஒட்டி அகழ்ந்தெடுத்த இரண்டு எலும்புக்கூடுகளின் டி.என்.ஏ.வைப் படித்து 2021இல் முடிவுகளை வெளியிட்டார்கள். வயது சுமார் 2,200 ஆண்டுகள். வெப்பமும் ஈரமும் நிறைந்த தீவில் இவ்வளவு காலம் டி.என்.ஏ. தாக்குப்பிடிப்பதே பெரிய விஷயம். இருவருக்கும் தாய்வழிக் கிளை 'இ2ஏ'. மொத்த மரபுப்பொருளும் பிலிப்பைன்ஸ் பக்கம் கைகாட்டியது. நியூகினியின் பப்புவா மக்களின் கலப்பு தென்படவில்லை. இன்றைய சமோரோக்களிடம் எடுத்த தாய்வழி ஆய்வுகளிலும் 'இ' கிளையின் ஆதிக்கம்தான். பசிபிக்கில் இது சாதாரணம் இல்லை. ஹவாய், சமோவா, டோங்கா என்று கிழக்கே போனால் 'பி4' கிளைதான் கொடி நாட்டியிருக்கும்.

இதை நினைத்துப் பார்த்தால் தலை சுற்றும். பிலிப்பைன்ஸிலிருந்து மரியானாவுக்கு 2,000 கிலோமீட்டருக்கு மேல் திறந்த கடல். மனித வரலாற்றில் அதுவரை யாரும் இவ்வளவு நீளமான கடலைத் தாண்டிக் குடியேறியதற்குச் சான்று இல்லை. போனவர்கள் சிவப்புப் பூச்சு மண்பாண்டமும் எடுத்துப் போனார்கள். குழிப்புள்ளி இட்டு அதில் சுண்ணாம்பை நிரப்பும் அந்த வேலைப்பாட்டின் உறவினர்களை பிலிப்பைன்ஸின் லுசோன் தீவின் வடபகுதியில் பார்க்கலாம். நெல்லையும் கொண்டுபோனார்கள். ஐரோப்பியர் வருமுன் அந்தத் தூரத்துப் பசிபிக்கில் நெல் பயிரிட்ட தீவுக்கூட்டம் மரியானா மட்டுமே.

மொழியும் இதே சாட்சிதான் சொல்கிறது. சமோரோ மொழிச் சொற்களில் பாதிக்கு மேல் ஸ்பானிஷிலிருந்து வந்தவை, எண்களைக்கூட ஸ்பானிஷில்தான் எண்ணுகிறார்கள். மேலோட்டமாகக் கேட்பவருக்கு இது ஸ்பானிஷின் ஏதோ ஒரு வட்டார வழக்கு என்றே தோன்றும். ஆனால் 'பேச்சு' என்பதற்கான 'குவெந்தோஸ்' என்ற கடன்சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். 'பேசிக்கொண்டிருக்கிறார்' என்று சொல்ல அது 'குமெகுவெந்தோஸ்' ஆகிறது. முதல் அசையை இரட்டித்து, சொல்லைப் பிளந்து உள்ளே 'உம்' செருகியிருக்கிறார்கள். பிலிப்பைன்ஸின் தகாலோக் மொழியில் 'சாப்பிடு' என்ற 'காயின்', 'குமாகாயின்' ஆவதும் இதே விதிப்படிதான். ஸ்பெயினிலிருந்து வந்த சொல்லைப் பிடித்து, பிலிப்பைன்ஸ், பசிபிக் மொழிகளின் குடும்பமான ஆஸ்ட்ரோனேசிய இலக்கணத்துக்குள் போட்டு ஆட்டியிருக்கிறார்கள். கடன்சொற்கள் கடைவீதியிலிருந்து வரும். சொல்லைப் பிளக்கும் விதி தொட்டிலிலிருந்து வந்தாக வேண்டும்.

மரபணுவில் அம்மா வழி இவ்வளவு தெளிவாக நின்றதற்கு ஒரு கொடூரமான காரணமும் உண்டு. 1668இல் ஸ்பானியப் பாதிரியார்கள் வந்து இறங்கினார்கள், பின்னாலேயே சிப்பாய்கள். போர், தொற்றுநோய், பல தீவுகளில் சிதறியிருந்தவர்களைக் குவாமின் சில கிராமங்களுக்குள் பிடித்து அடைத்தது, எல்லாம் சேர்ந்து அடுத்த நூற்றாண்டின் தொடக்கத்தில் எஞ்சியவர்கள் நாலாயிரத்துக்கும் குறைவு. பிறகு வந்த சிப்பாய்களில் பலர் மெக்சிகோக்காரர்கள், பிலிப்பைன்ஸ்காரர்கள். அவர்கள் உள்ளூர்ப் பெண்களை மணந்தார்கள். பிள்ளைகளுக்கு வெளியூர் அப்பா, உள்ளூர் அம்மா. மொத்த மரபுப்பொருள் கலந்தது, குடும்பப் பெயர் மாறியது. மைட்டோகாண்ட்ரியா மட்டும் பாட்டியிடமிருந்து பேத்திக்கு, மொழியையும் சமையலையும் போல, வந்துகொண்டே இருந்தது.

இங்கே ஓர் எச்சரிக்கை. பத்துத் தலைமுறைக்கு முன் உங்களுக்கு 1,024 மூதாதையர் இடங்கள். மைட்டோகாண்ட்ரியா அவற்றில் ஒரே ஒரு பெண்ணின் கதையைத்தான் சொல்லும். 'உங்கள் கிளை இ2ஏ' என்று வரும் பரிசோதனை முடிவை வைத்து மீதி 1,023 பேரைப் பற்றி எதுவும் சொல்ல முடியாது. பணம் வாங்கிக்கொண்டு பூர்வீகம் பார்த்துச் சொல்பவர்கள் இதைச் சிறிய எழுத்தில்தான் போடுவார்கள்.

ஒருவரிடம் சொல்லும் கதை குறைவு என்றாலும், கூட்டமாகச் சேர்த்தால் அதே துண்டு நிறையப் பேசும். 2022இல் பசிபிக் தீவுகளில் வாழ்ந்த 164 பழங்கால மனிதர்களின் டி.என்.ஏ.வை ஆராய்ந்து முடிவுகளை வெளியிட்டார்கள். தீவுக்குத் தீவு தாய்வழித் துண்டு மிகவும் வேறுபட்டது. மற்ற மரபுப்பொருளில் அந்த அளவு வேறுபாடு இல்லை. திருமணமானதும் ஆண்தான் பெண்ணின் ஊருக்குப் போயிருக்கிறான், பெண் பிறந்த இடத்திலேயே இருந்திருக்கிறாள் என்றால்தான் இது பொருந்தும். ஆதிப் பசிபிக் மாலுமிச் சமூகங்களில் வீட்டோடு மாப்பிள்ளைதான் வழக்கம் என்று எலும்புப் பொடியிலிருந்து கண்டுபிடித்துவிட்டார்கள்.

இனி நிக்கராகுவா. ஸ்பானிஷ் முறைப்படி ஒருவருக்கு இரண்டு குடும்பப் பெயர்கள், முதலில் அப்பாவுடையது, பிறகு அம்மாவுடையது. எமிலியானோ சமோரோ வர்காஸ் என்றால் வர்காஸ் அம்மா வீடு. அடுத்த தலைமுறைக்குப் போவது முதல் பெயர்தான், அம்மா பெயர் உதிர்ந்துவிடும். நம் ஊர் இனிஷியல் தலைமுறைக்குத் தலைமுறை மாறிவிடுவதால் இந்த ஓட்டம் நமக்குக் கண்ணில் படுவதில்லை. அங்கே அது ஒய் குரோமோசோமின் நிழல் மாதிரியே நடக்கிறது. பிரிட்டனில் அரிதான குடும்பப் பெயர் கொண்ட ஆண்களைச் சோதித்தபோது, சொந்தம் என்று அறியாதவர்கள் பலர் ஒரே ஒய் கிளையில் இருந்தார்கள். நிழல் விலகும் இடங்களும் உண்டு: தத்து, பெயர் மாற்றம், வெளியே சொல்லாத தகப்பன். கடைசி வகை ஐரோப்பாவில் தலைமுறைக்கு ஒரு சதவீதம், இரண்டு சதவீதம் என்று ஆய்வுகள் சொல்கின்றன. ஒரு சதவீதம் என்றே வைத்தாலும் பத்துத் தலைமுறையில் பத்துச் சங்கிலிகளில் ஒன்று அறுந்திருக்கும்.

சமோரோ போன்ற பட்டப்பெயர்களில் இன்னொரு சிக்கல். மொட்டைத் தலையர் ஊருக்கு ஊர் இருப்பார்கள். ஆகவே ஸ்பானிஷ் பேசும் உலகத்தில் இருக்கும் எல்லாச் சமோரோக்களும் ஒரே பாட்டனின் வாரிசுகளாக இருக்க வேண்டும் என்று இல்லை. குவாமோடு உறவு இருக்கட்டும், பக்கத்து ஊர்ச் சமோரோவோடே உறவு இல்லாமல் போகலாம்.

இந்தக் குடும்பம் மட்டும் எப்படி இவ்வளவு காலம் தாக்குப்பிடித்தது? குடும்பப் பெயர்கள் ஏன் அழிகின்றன என்ற கேள்வியை 1873இல் ஆங்கிலேய அறிவியலாளர் பிரான்சிஸ் கால்டன் எழுப்பினார். ஹென்றி வாட்சன் என்ற கணிதம் தெரிந்த பாதிரியாரோடு சேர்ந்து மறு ஆண்டு அதை எழுதினார். ஒவ்வோர் ஆணுக்கும் சராசரியாக ஒரு மகன் என்று வையுங்கள். சிலருக்கு மூன்று, சிலருக்கு ஒன்றும் இல்லை, தற்செயல்தான். கணக்குப் போட்டால், ஓர் ஆணில் தொடங்கிய 100 பெயர்களில் முதல் தலைமுறையிலேயே 37 காணாமல் போகும். பத்தாவது தலைமுறையில் 84 போயிருக்கும். மக்கள்தொகை குறையவே இல்லை, பெயர்தான் குறைகிறது. ஒய் கிளைகளுக்கும் தாய்வழிக் கிளைகளுக்கும் இதே கதி. குவாமில் 'இ' ஓங்கி நிற்பதிலும் இந்தத் தற்செயலுக்குப் பங்கு உண்டு. சின்னக் கூட்டம் குடியேறும்போது, பிறகு அதே கூட்டம் நாலாயிரமாகச் சுருங்கும்போது, கிளைகள் பல உதிரும்.

நிக்கராகுவாவின் கிரனாடா நகரத்துச் சமோரோக்கள் கணக்கைத் தற்செயலுக்கு விட்டுவிடவில்லை. நிக்கராகுவாவின் முதல் அதிபர் ஃப்ரூட்டோ சமோரோ, 1804இல் குவாத்தமாலாவில் திருமணத்துக்கு வெளியே பிறந்தவர். அவர் அம்மா பெயர் பெரேஸ். அப்பா இறந்த பிறகு, அப்பாவின் மனைவியே இவரை அழைத்துக் குடும்பப் பொறுப்பைக் கொடுத்தார். சமோரோ என்ற பெயரும் அதோடு வந்தது. மாற்றாந்தாய் செய்த அரசியல் கணக்கு என்றே எனக்குப் படுகிறது, நல்ல கணக்கு. ஃப்ரூட்டோவுக்குப் பின் அவருடைய தம்பி முறை பெட்ரோ ஹோவாகின் 1875இல் அதிபர். பிறகு 1917இல் எமிலியானோ, 1921இல் அவர் சித்தப்பா முறை தியேகோ மனுவேல்.

ஆனால் உலகம் அறிந்த சமோரோ வேறு ஒருவர். 1990 பிப்ரவரி தேர்தலில் அப்போதைய அதிபர் டேனியல் ஓர்த்தேகாவைத் தோற்கடித்து அதிபரான வியோலேட்டா. பிறந்த பெயர் வியோலேட்டா பார்ரியோஸ் தோர்ரெஸ். அவரிடம் ஒய் குரோமோசோமும் கிடையாது, சமோரோ ரத்தமும் கிடையாது. 'லா பிரென்சா' நாளிதழின் ஆசிரியரும் சர்வாதிகாரி சமோசாவின் எதிரியுமான கணவர் பெட்ரோ ஹோவாகின் சமோரோ 1978 ஜனவரி 10 அன்று சுட்டுக் கொல்லப்பட்டார். மனைவியிடம் பெயர் மட்டும் நின்றது. அந்தப் பெயர் ஒரு தேர்தலையே தூக்கி நிறுத்தியது. 1980களில் இதே வீட்டில் ஒரு மகன் அப்போது ஆண்ட சாந்தினிஸ்தா கட்சியின் நாளிதழ் 'பர்ரிகாதா'வின் ஆசிரியர், இன்னொரு மகன் அரசை எதிர்த்த கோன்ட்ராக்கள் பக்கம், மைத்துனர் தனியாக 'எல் நுவேவோ தியாரியோ' நடத்தினார். ஒரே ஒய் குரோமோசோம், ஆளுக்கு ஒரு அரசியல்.

குவாமில் இன்று காகிதத்தில் ஓடுவதும் அப்பா பெயர்தான். குரூஸ், சாந்தோஸ், பெரேஸ், சான் நிக்கோலாஸ் என்று ஞானஸ்நானத்தோடு வந்த ஸ்பானிஷ் பெயர்கள், நடுவில் தைத்தானோ, கித்துகுவா போன்ற சில உள்ளூர்ப் பெயர்கள். அம்மா வீட்டுப் பெயர் நடுப்பெயராகச் சுருங்கிவிட்டது. ஒரே பெயரில் நூற்றுக்கணக்கில் ஆட்கள் இருப்பதால் ஒவ்வொரு குடும்பத்துக்கும் தனியாக ஒரு குலப்பெயர், ஏதோ ஒரு மூதாதையின் பட்டப்பெயரோ தொழிலோ ஊரோ அதில் ஒட்டிக்கொண்டிருக்கும். இறப்பு அறிவிப்பில் ஆவணப் பெயருக்குப் பக்கத்தில் 'ஃபமிலியன்' இன்னார் என்று அதைப் போடுவார்கள், அம்மா வழிக் குலமும் அப்பா வழிக் குலமும் சேர்த்தே. மரபணு மாதிரி எடுக்கப் போகிறவர் முதலில் எழுதிக்கொள்ள வேண்டியது இதைத்தான். 'குரூஸ்' என்று மட்டும் குறித்துக்கொண்டு திரும்பினால், பாதித் தீவை ஒரே வீட்டு ஆட்களாக்கிவிடுவார்.