திடுக்கிடலுக்கு மூன்று ஃபிரேம் முன்பு

பேய்ப் படத்தில் பேய் எந்த இடத்தில் வரும் என்று தெரிந்த பிறகும், இரண்டாம் முறை பார்க்கையில் ஏன் தூக்கிவாரிப் போடுகிறது என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். தெரிந்திருப்பது யோசிக்கும் பகுதியான மூளையின் புறணி, துள்ளவைப்பது மூளைத்தண்டு. காதிலிருந்து மூளைத்தண்டு, அங்கிருந்து தண்டுவடம், தசை. வழியில் யோசிக்க யாரும் இல்லை. சத்தம் கேட்ட 30 முதல் 50 மில்லிநொடிக்குள் இமை மூடிவிடும். நொடிக்கு 24 ஃபிரேம் ஓடும் படத்தில் அது ஏறக்குறைய ஒரே ஃபிரேம்.

கேமராவின் பங்கு அதற்கு முந்தையது. சட்டகத்தில் பாதியைக் காலியாக விடுவது, ஷாட்டை வெட்டாமல் நீட்டுவது, இருட்டு: எல்லாம் அமிக்டலாவை, அதாவது மூளையில் அச்சத்தைக் கவனிக்கும் பகுதியை, தூங்கவிடாமல் வைத்திருக்கும். அது விழித்திருந்தால் அதே சத்தத்துக்குத் துள்ளல் பெரிதாகும். மொபைலில் எடுப்பவர்கள் எக்ஸ்போஷரை (படத்தின் ஒளி அளவை) பூட்டாவிட்டால், கேமரா தானாக இருட்டை வெளுத்துக் காரியத்தைக் கெடுத்துவிடும்.

இனி எடிட்டிங் மேசை. அதிர்ச்சி ஒலி சில மில்லிநொடிக்குள் உச்சத்தைத் தொட வேண்டும். ‘டிக்’ சத்தம் வராமலிருக்க ஒலியை மெல்ல ஏற்றும் ஃபேட்-இன்னை ஒரு ஃபிரேம் நீளத்துக்குப் போடுவது பலரின் பழக்கம்; அந்த 42 மில்லிநொடிச் சரிவிலேயே துள்ளல் மங்கிவிடும். ஒலியளவும் ஒப்பீடுதான். டிஜிட்டலில் பூஜ்ஜியம் டெசிபல் என்பதுதான் உச்சம்; அதற்கு மேல் இடமில்லை. பின்னணி இசை ஏற்கெனவே அலறிக்கொண்டிருந்தால் அதற்கு மேல் எங்கே ஏறுவது? முன்னால் வருவதைக் குறையுங்கள்.

இதில் என்னைச் சொக்கவைப்பது இன்னொன்று. பெரிய சத்தத்துக்குச் சற்று முன் ஒரு சின்ன சத்தம் வந்தால் திடுக்கிடல் சுருங்கிப்போகும். சின்னதைப் பரிசீலிக்கும் வேலை முடியும்வரை, மூளை அடுத்து வருவதற்குக் கதவை ஒருக்களித்து வைக்கிறது. இந்தத் தணிப்பு வலுவாக இருப்பது சுமார் 120 மில்லிநொடி இடைவெளியில். கிட்டத்தட்ட மூன்று ஃபிரேம்! அலறலுக்கு முன்னால் ஆசையாக ஒட்டும் ‘விஷ்’, தாழ்ப்பாள் ‘க்ளிக்’, மூச்சிழுப்பு எல்லாம் விழுவது பெரும்பாலும் அங்கேதான். அவற்றை ஒரு நொடிக்கு மேல் முன்னே தள்ளுங்கள், இல்லையேல் நீக்குங்கள். அதற்காகச் சுத்த மௌனமும் வேண்டாம். சீரான மெல்லிய இரைச்சலின் நடுவே திடுக்கிடல் கூடுவதை 1960களிலேயே எலிகளிடம் அளந்திருக்கிறார்கள். அறையின் வெற்று இரைச்சல் ஓடட்டும்.

காதுக்கு எட்டாத 19 ஹெர்ட்ஸ் ஒலியைக் கலந்தால் பார்ப்பவருக்குப் பேய் தெரியும் என்றொரு நம்பிக்கையும் உலவுகிறது. ஓர் ஆய்வகத்தில் பேய் தெரிந்ததற்கு மின்விசிறியின் ஒலியே காரணம் என்று 1998இல் எழுதப்பட்ட கட்டுரையில் பிறந்த நம்பிக்கை அது. மொபைல் ஸ்பீக்கர் 200 ஹெர்ட்ஸுக்குக் கீழேயே திணறும். 19 எங்கே ஒலிக்கப்போகிறது! பேயை ஓட்டிய விஞ்ஞானமே புதுப் பேயைக் கூட்டிவந்த கதை.

முகம் தோன்றும் வெட்டைக் கடைசியாகப் பாருங்கள். ஒளியின் திடீர் மின்னலும் அந்தச் சின்ன சத்தத்தின் வேலையைச் செய்யும். படம் மூன்று ஃபிரேம் முந்தினால் ஒலி வீண். இரண்டும் ஒரே ஃபிரேமில் விழட்டும்; தவறினால் ஒலி ஒரு ஃபிரேம் முந்தட்டும்.