எடை நிற்கும் மாதத்தில் சர்க்கரை என்ன செய்கிறது?

சர்க்கரை நோய்க்காக எடை குறைக்கத் தொடங்குபவர்கள் முதல் மாதத்தில் சோர்ந்துபோவதில்லை. நான்காவது, ஐந்தாவது மாதத்தில்தான் பலர் ஆலோசனைக்கு வராமல் நின்றுபோகிறார்கள். அதுவரை மளமளவென்று இறங்கிய எடை அப்போது ஓரிடத்தில் நின்றிருக்கும். அந்த மாதத்திலும் விடாமல் வருபவர்கள், உணவியல் ஆலோசகரான என்னிடம் உட்கார்ந்ததுமே கேட்பது இதைத்தான்: "சோற்றைப் பாதியாக்கிவிட்டேன் மேடம், டீயில் சர்க்கரையை விட்டுவிட்டேன், தினமும் நடக்கிறேன். இன்னும் எதைக் குறைக்கச் சொல்கிறீர்கள்?"

நியாயமான கேள்வி. ஆனால் நான் உடனே உணவுப் பட்டியலைத் திருத்துவதில்லை. சர்க்கரை அளவு எழுதிய நோட்டையும் மருந்துச் சீட்டையும்தான் முதலில் கேட்கிறேன். சர்க்கரை நோய் உள்ளவரின் எடை நிற்பதற்கும் மற்றவர்களின் எடை நிற்பதற்கும் பெரிய வேறுபாடு உண்டு. அதைப் பற்றி யாரும் அவர்களிடம் பேசுவதில்லை.

ரத்தத்தில் குளுக்கோஸ் டெசிலிட்டருக்கு ஏறக்குறைய 180 மில்லிகிராமைத் தாண்டும்போது சிறுநீரகத்தால் அதை முழுவதும் மீட்டு உடலுக்குத் திருப்பித் தர முடிவதில்லை. மிச்சம் சிறுநீரில் போய்விடுகிறது, போகும்போது தண்ணீரையும் இழுத்துக்கொண்டு போகிறது. சர்க்கரை 300, 350 என்று இருந்த காலத்தில் ஒருவர் இளைத்ததற்கு இதுவும் காரணம். நாளொன்றுக்கு 50 கிராம் குளுக்கோஸ் இப்படி வெளியேறுகிறது என்று வைத்துக்கொண்டால் அது 200 கலோரி, அதாவது சுமார் மூன்று இட்லி. சாப்பிட்ட இட்லி உடலில் ஒட்டாமலே கழிவறைக்குப் போய்க்கொண்டிருந்தது.

மருந்தும் உணவுக் கட்டுப்பாடும் வேலை செய்யத் தொடங்கியதும் இந்தக் கசிவு நின்றுவிடுகிறது. அந்த 200 கலோரி இப்போது உடலிலேயே தங்குகிறது. சாப்பாட்டைக் குறைத்ததால் கிடைத்த பலனில் ஒரு பங்கை அது சரிக்கட்டிவிடுகிறது. எடை மெஷினில் முள் அசையவில்லை. ஆனால் ரத்தச் சர்க்கரையின் மூன்று மாதச் சராசரியைக் காட்டும் ஹெச்பிஏ1சி 9.5-லிருந்து 7.4-க்கு வந்திருக்கிறது. இப்படி இரண்டு எண்களும் எதிரெதிராக நிற்கும் அறிக்கையோடு வருபவரிடம் "நீங்கள் தோற்கவில்லை" என்று ஆறுதல் சொல்வதைவிட, இந்தக் கணக்கைக் காகிதத்தில் போட்டுக் காட்டுவது பயன் தருகிறது. உற்சாகப் பேச்சு வீடு போய்ச் சேரும்வரைகூடத் தாங்காது என்பது என் அனுபவம்.

இதன் மறுபக்கத்தையும் சொல்லிவிட வேண்டும். எந்த முயற்சியும் எடுக்காமலே எடை இறங்குகிறது, தாகமும் சிறுநீரும் அதிகமாக இருக்கிறது என்றால் அதைக் கொண்டாடக் கூடாது. இன்சுலின் போதவில்லை என்பதற்கோ, காசநோய் போன்ற வேறொன்றுக்கோ அது அறிகுறியாக இருக்கலாம். மருத்துவரைத் தாமதிக்காமல் பார்க்க வேண்டும்.

அடுத்தது மருந்துச் சீட்டு. எடை நின்றுபோனவர்களில் நான் அடிக்கடி பார்க்கும் ஒரு வகை இது. கிளிமிபிரைடு மாத்திரை போடுகிறார், அல்லது இன்சுலின் போடுகிறார். சாப்பாட்டைக் குறைத்துவிட்டார், நடையைக் கூட்டிவிட்டார், மருந்தின் அளவு மட்டும் பழையபடியே இருக்கிறது. பிற்பகல் நான்கு மணிக்குக் கை நடுங்குகிறது, வியர்க்கிறது, கண் இருட்டுகிறது. கையில் கிடைத்த பன், பிஸ்கட், வாழைப்பழம், இனிப்பு டீ எல்லாம் உள்ளே போகிறது. அந்த நேரத்தில் யாராலும் அளவு பார்த்துச் சாப்பிட முடியாது; பயத்தில் சாப்பிடுவது அது. பகலெல்லாம் பட்டினி கிடந்து மிச்சம் பிடித்தது பத்து நிமிடத்தில் திரும்பி வந்துவிடுகிறது. அவரோ தன் நாக்கைத் திட்டிக்கொள்கிறார்.

இப்படி ரத்தச் சர்க்கரை அளவுக்கு மீறி இறங்கும் தாழ்சர்க்கரைக்கு மூன்று தேக்கரண்டி சர்க்கரை அல்லது குளுக்கோஸைத் தண்ணீரில் கலக்கிக் குடித்துவிட்டு, 15 நிமிடம் பொறுத்து மறுபடி சோதித்தால் போதும். சரியாகாவிட்டால் இன்னொரு முறை அதே அளவு. ஆனால் இது மாதத்தில் பல நாள் நடக்கிறது என்றால் தீர்வு மருத்துவரிடம் இருக்கிறது. அளவைக் குறைப்பதா, மருந்தையே மாற்றுவதா என்பதை அவர்தான் முடிவு செய்ய வேண்டும். எடை குறைக்க வேண்டும் என்ற ஆசையில் இன்சுலினைத் தாங்களாகவே நிறுத்தியவர்களைப் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள்.

கிளிமிபிரைடு வகை மாத்திரைகள், இன்சுலின், பையோகிளிட்டசோன் ஆகியவை எடையைக் கூட்டும் தன்மை கொண்டவை. மெட்ஃபார்மின் அப்படியல்ல. டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் போன்றவை வேண்டுமென்றே குளுக்கோஸைச் சிறுநீரில் தள்ளுபவை. சில கிலோ குறைத்துவிட்டுப் பிறகு நின்றுவிடும், ஏனென்றால் உடல் பசியைக் கூட்டி ஈடுகட்டிக்கொள்கிறது. இந்த மாத்திரை போடுபவர்கள் எடை நின்ற கோபத்தில் சோறு, இட்லி, சப்பாத்தி எல்லாவற்றையும் ஒரேயடியாக விட்டுவிட்டுப் பட்டினி இருப்பது ஆபத்து. சர்க்கரை அளவு ஏறாமலே ரத்தத்தில் அமிலம் கூடி மருத்துவமனையில் சேர வேண்டிய நிலை வரலாம். விரதம் இருப்பதாக இருந்தாலும் முன்கூட்டியே மருத்துவரைக் கேளுங்கள்.

மருந்தில் சிக்கல் இல்லை, சர்க்கரையும் கட்டுக்குள் இருக்கிறது, ஆனாலும் எடை நிற்கிறது என்றால்? உடல் தன்னைக் காத்துக்கொள்கிறது என்று பொருள். இளைத்த உடலுக்கு முன்பைவிடக் குறைந்த எரிபொருளே போதும். பசியைத் தூண்டும் கிரெலின் கூடுகிறது, போதும் என்று சொல்லும் லெப்டின் குறைகிறது. குறைகலோரி உணவால் இளைத்தவர்களை ஆஸ்திரேலியாவில் தொடர்ந்து கவனித்து 2011-இல் வெளியிட்ட ஆய்வில், ஓராண்டு கழித்தும் இந்த ஹார்மோன்கள் பழைய நிலைக்குத் திரும்பவில்லை. ஆகவே ஆறாம் மாதத்தில் வரும் கூடுதல் பசியை மன உறுதிக் குறைவு என்று யாரும் சொன்னால் நம்ப வேண்டாம்.

அமெரிக்காவில் இரண்டாம் வகைச் சர்க்கரை நோயும் அதிக எடையும் உள்ள 5,145 பேரை வைத்து 'லுக் அஹெட்' என்ற பெரிய ஆய்வு நடந்தது. தீவிரப் பயிற்சி பெற்ற குழுவினருக்கு அடிக்கடி ஆலோசனை, உணவுத் திட்டம், உடற்பயிற்சி வழிகாட்டல் எல்லாம் கிடைத்தன. முதல் ஆண்டில் சராசரியாக 8.6 சதவீத எடை குறைந்தது. பிறகு ஒரு பகுதி திரும்பி வந்தது. 2012-இல் ஆய்வு முடிந்தபோது மிஞ்சியது சுமார் 6 சதவீதம். அத்தனை உதவி கிடைத்தவர்களுக்கே அப்படி. மாரடைப்பும் பக்கவாதமும் அதனால் குறைந்ததாக ஆய்வு காட்டவில்லை என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. ஆனால் மருந்துத் தேவை, தூக்கத்தில் மூச்சுத் திணறல், நடமாட்டம், சிறுநீரகப் பாதிப்பு ஆகியவற்றில் அவர்களுக்கு நன்மை கிடைத்தது. 80 கிலோ இருந்தவர் 75-இல் நின்றுகொண்டு "ஒன்றுமே நடக்கவில்லை" என்று சொல்லும்போது அவர் ஏற்கெனவே 6 சதவீதத்தைத் தாண்டியிருக்கிறார்.

இனி சாப்பாட்டுக்கு வருவோம். சில கசிவுகள் இருக்கத்தான் செய்கின்றன. சிறுதானியத்தில் கலோரியே இல்லை என்ற நினைப்பில் தினை, வரகை அளவில்லாமல் சாப்பிடுபவர்கள் உண்டு; கலோரியில் அதற்கும் அரிசிக்கும் பெரிய வித்தியாசம் கிடையாது. இரவில் மூன்று இட்லியை விட்டுவிட்டு நான்கு சப்பாத்தி, குருமா என்று மாறியவர் எதையும் குறைக்கவில்லை. நிலக்கடலை நல்லதுதான், ஒரு கைப்பிடியில் சுமார் 170 கலோரி இருக்கிறது என்பதும் உண்மைதான். நான் சோற்றின் அளவைக் கேட்பதற்கு முன் வீட்டில் மாதம் எத்தனை பாக்கெட் எண்ணெய் வாங்குகிறார்கள், எத்தனை பேர் சாப்பிடுகிறார்கள் என்று கேட்பேன். ஆளுக்கு அரை லிட்டரைத் தாண்டினால் தேடல் அங்கேயே முடிந்துவிடும். சமைக்கும் பெண்களிடம் இன்னொரு கேள்வி: குழந்தைகள் தட்டில் வைத்த மிச்சத்தை யார் சாப்பிடுகிறார்கள்? சிரிப்பார்கள். பதில் அதுதான்.

பருப்பு, சுண்டல், முட்டை, மீன், மோர் போன்ற புரதம் போதாமல் சோற்றை மட்டும் குறைத்தவர்களுக்குக் கொழுப்போடு தசையும் கரைந்திருக்கும். தசைதான் குளுக்கோஸை அதிகம் வாங்கிக்கொள்ளும் இடம். எனவே நடையோடு வாரம் இரண்டு மூன்று நாள் தசைக்கு வேலை கொடுங்கள்: நாற்காலியில் கை ஊன்றாமல் உட்கார்ந்து எழுவது, சுவரில் கை வைத்துத் தள்ளுவது, ஒரு லிட்டர் தண்ணீர்ப் பாட்டிலைத் தூக்கி இறக்குவது. விழித்திரையில் ரத்தக்கசிவு இருப்பவர்கள் பளு தூக்கும் முன் கண் மருத்துவரைக் கேட்க வேண்டும். காலில் உணர்ச்சி குறைந்தவர்கள் வெறுங்காலில் நடக்கக் கூடாது. சிறுநீரகப் பாதிப்பு உள்ளவர்கள் புரதத்தைத் தாங்களாகக் கூட்டக் கூடாது.

இவ்வளவையும் சரிசெய்த பிறகும் ஒருவரைச் சாய்த்துவிடக்கூடிய ஒன்று நம் ஊரில் உண்டு. அது உறவினர் வீட்டுக் கல்யாணம். "என்னப்பா, ஆளே பாதியாகிவிட்டாய்! சுகர் உருக்கிவிட்டதா?" என்று ஒரு பெரியப்பா கேட்பார். "கன்னமெல்லாம் ஒட்டிப்போச்சே, நல்லாச் சாப்பிடும்மா" என்று ஓர் அத்தை கன்னத்தைத் தொட்டுப் பார்ப்பார். இளைப்பு என்றாலே நோய் என்று பழகிய ஊர் இது. அவர்கள் பயத்தில் பாசமும் கலந்திருக்கிறது. மெஷினும் அசையாமல், சொந்தமும் பரிதாபப்படும் அந்த மாதத்தில் நன்றாக முயன்றுகொண்டிருந்தவரே பந்தியில் இரண்டாவது ஜாங்கிரியை வாங்கிக்கொள்கிறார். நான் சொல்லிக் கொடுக்கும் பதில் இது: "மருந்தைக் குறைக்கும் அளவுக்குச் சரியாகிவிட்டது பெரியப்பா." உண்மையாக இருந்தால் மட்டும். அதற்கு மேல் யாரும் கேள்வி கேட்பதில்லை, அடுத்த கேள்வி எந்த டாக்டர் என்பதாகத்தான் இருக்கும்.

தீபாவளி முதல் பொங்கல் வரை எடை குறைக்கும் இலக்கே நான் வைப்பதில்லை. ஏறாமல் இருந்தால் போதும் என்று எழுதித் தருகிறேன். அந்த இரண்டு மூன்று மாதங்களில் எடை நின்றால் அது வெற்றிக் கணக்கில் சேரும். தை பிறந்ததும் மறுபடி தொடங்குகிறோம்.

எடையைத் தினமும் பார்க்காதீர்கள். முதல் நாள் இரவு சாப்பிட்ட கருவாடும் ஊறுகாயும் அப்பளமும் தண்ணீரைப் பிடித்து வைத்து மறுநாள் ஒரு கிலோ கூட்டிக் காட்டும். வாரம் ஒரு நாள், காலைக்கடன் முடித்து, வெறும் வயிற்றில், அதே மெஷினில் பார்த்தால் போதும். நான்கு வாரமாவது மாறாமல் இருந்தால்தான் அதை நின்ற எடை என்று நான் கணக்கில் எடுப்பேன். மாதம் ஒருமுறை இடுப்பைச் சுற்றி டேப் வையுங்கள், கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவில், மூச்சை விட்ட நிலையில். நம்மவர்களுக்கு ஆணுக்கு 90, பெண்ணுக்கு 80 சென்டிமீட்டருக்குள் இருப்பது நல்லது. எடை நின்ற மாதத்திலும் இந்த எண் குறைவதுண்டு.

அடுத்த முறை வரும்போது வீட்டில் எடுத்த சர்க்கரை அளவுகள், தாழ்சர்க்கரை வந்த நாளும் நேரமும், போடும் எல்லா மாத்திரை அட்டைகளும் கையில் இருக்கட்டும். மூட்டு வலிக்கு யாரோ கொடுத்த பெயரில்லாப் பொடி இருந்தால் அதையும் எடுத்து வாருங்கள். அவற்றில் சிலவற்றில் ஸ்டீராய்டு கலந்திருக்கும், எடையையும் சர்க்கரையையும் சேர்த்தே ஏற்றும். ஹெச்பிஏ1சி பரிசோதனைக்கு வெறும் வயிற்றில் வர வேண்டியதில்லை. காலை உணவைச் சாப்பிட்டு, வழக்கமான மாத்திரையைப் போட்டுக்கொண்டே வரலாம்.