எம்.எஸ். வெள்ளையர்களின் நோயா?

ஒரு கண்ணில் மட்டும் பார்வை மங்குகிறது. கண்ணை உருட்டினால் வலிக்கிறது. சிவப்புச் சட்டை சாயம் போனதுபோல் தெரிகிறது. அமெரிக்காவில் ஒரு கறுப்பினச் சிறுமி இப்படிச் சொன்னால், மருத்துவரின் நினைவுக்கு எம்.எஸ். எனப்படும் மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் என்ற நரம்பு நோய் உடனே வராமல் போகலாம். வட ஐரோப்பிய வம்சாவளியினருக்கு, அதுவும் பெரியவர்களுக்கு வருகிற நோய் என்றே நெடுங்காலம் பாடம் நடத்திவிட்டார்கள்.

நரம்பிழைகளைச் சுற்றி மையலின் என்ற கொழுப்பு உறை இருக்கிறது. உறையில் ஆங்காங்கே சிறு இடைவெளிகள். மின்சமிக்ஞை அந்த இடைவெளிகளில் தாவித் தாவிப் போவதால்தான் தடித்த இழைகளில் நொடிக்கு 100 மீட்டர் வேகம்கூடக் கிடைக்கிறது. எம்.எஸ். வந்தால், உடலைக் காக்க வேண்டிய வெள்ளையணுக்களே மூளை, முதுகுத் தண்டு, பார்வை நரம்புகளில் இந்த உறையைத் தாக்குகின்றன. உறை இழந்த இழை சூட்டைத் தாங்காது. வெந்நீரில் குளித்தாலே சிலருக்குச் சற்று நேரம் பார்வை மங்கும், உடல் குளிர்ந்ததும் திரும்பிவிடும்.

குழந்தைகளுக்கு நோய் மறுபடி மறுபடி தாக்குவது பெரியவர்களைவிட அதிகம். ஆனால் ஒவ்வொரு முறையும் சீக்கிரம் தேறிவிடுவார்கள். அங்கேதான் ஏமாந்துபோகிறோம். வெளியே எல்லாம் சரியாகத் தெரிய, வளர வேண்டிய மூளை உள்ளே அளவு குறைந்துகொண்டிருக்கும். கறுப்பின நோயாளிகளிடம் இந்தச் சேதம் பொதுவாக இன்னும் வேகமாக நடக்கிறது.

தெற்குக் கலிபோர்னியாவில் ஒரே காப்பீட்டு அமைப்பின் கீழ் இருந்தவர்களை ஆராய்ந்து 2013இல் வெளியான முடிவு, பாடப்புத்தகத்தைப் புரட்டிப் போட்டது. ஆண்டுக்கு 1,00,000 பேரில் புதிதாக எம்.எஸ். வந்தவர்கள் கறுப்பினத்தவரில் 10.2, வெள்ளையரில் 6.9. அங்கே குழந்தைகளைப் பற்றி அதற்கு முன்பே நடந்த ஆய்விலும், மையலினைத் தாக்கும் நோய்கள் வெள்ளையினக் குழந்தைகளைவிடக் கறுப்பினக் குழந்தைகளிடமே அதிகம் தெரிந்தன.

ஏன்? வைட்டமின் டி குறைவு என்பதுதான் பலரும் சொல்லும் முதல் பதில். ஆனால் வெள்ளையரிடம் தெரிகிற அந்தத் தொடர்பு கறுப்பினத்தவரிடம் தெளிவாகத் தெரியவில்லை. எப்ஸ்டீன்-பார் வைரஸ் மீதான சந்தேகம் வலுவானது: அமெரிக்கப் படைவீரர்களை வைத்து 2022இல் வெளியான ஆய்வில், அது தொற்றிய பிறகு எம்.எஸ். அபாயம் 32 மடங்கு கூடியிருந்தது. ஆனால் அந்த வைரஸ் ஏறக்குறைய எல்லோரையும் தொற்றுகிறது, எம்.எஸ். வருவதோ சிலருக்குத்தான். ஆக, மரபணு, உடல் பருமன், சிகரெட் புகை எனப் பலதும் சேர்ந்துதான் வேலை செய்கின்றன. வறுமையும் தாமதமான சிகிச்சையும் வந்த நோயை முற்றவைக்கின்றன.

10 வயது முதல் கொடுக்கலாம் என்று ஃபிங்கோலிமாட் மாத்திரைக்கு 2018இல் அமெரிக்கா அனுமதி தந்தது. பழைய இன்டர்ஃபெரான் ஊசியோடு ஒப்பிட்டால் அது மறுதாக்குதலை 82 சதவீதம் குறைத்தது. இதுபோன்ற மருந்தை எவ்வளவு சீக்கிரம் தொடங்குகிறோமோ அவ்வளவு நல்லது. ஆனால் அதற்கு முதலில் யாராவது எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொல்ல வேண்டுமே!