மதில் ஓரம் நின்று விமானத்தைப் படம் எடுப்பவர்களுக்கு: விதி 13 எதைத் தடுக்கிறது, எதைத் தடுக்கவில்லை

பிளஸ் டூ முடித்த பையன். அப்பாவின் பழைய கேமராவில் 70-300 ஜூம் லென்ஸை மாட்டிக்கொண்டு, ஒரு பெரிய விமான நிலையத்தின் மதிலுக்கு வெளியே, பஸ் போகிற சாலையின் ஓரத்தில் நின்று, இறங்க வந்த சரக்கு விமானத்தைப் படம் எடுத்தான். அரை மணி நேரத்தில் ரோந்து வண்டி வந்தது. மாலை நாலரை மணிக்கு ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார வைத்தவனை இரவு ஒன்பது மணிக்குத்தான் விட்டார்கள். விடுவதற்கு முன் ஒரு வெள்ளைத்தாளை நீட்டி, ‘தடை செய்யப்பட்ட பகுதியில் அனுமதி இல்லாமல் படம் எடுத்தேன், இனிமேல் செய்ய மாட்டேன்’ என்று எழுதி வாங்கிக்கொண்டார்கள். கேமரா வந்தது, மெமரி கார்டு வரவில்லை. அந்தச் சாலை எந்த உத்தரவின்படி தடை செய்யப்பட்ட பகுதி என்று நான் கேட்டேன். “ஏர்போர்ட்னா அப்படித்தான் சார்” என்பதுதான் பதில்.

அந்தத் தாளை நினைத்தால் இன்னும் மனசு ஆறவில்லை. தான் செய்யாத ஒன்றைத் தன் கையெழுத்திலேயே எழுதிக்கொடுத்திருக்கிறான். விமானத்தைப் படம் எடுக்கிற பிள்ளைகள் நம்மிடம் நிறைய இருக்கிறார்கள். இந்தியாவில் இதற்கு என்ன விதி என்று அவர்களுக்கும் தெரிவதில்லை, பிடிப்பவர்களுக்கும் தெரிவதில்லை.

விதி ஒன்றே ஒன்றுதான். 1937-ஆம் ஆண்டு விமான விதிகளில் 13-ஆவது. அரசு விமான நிலையத்திலும், பறக்கும் விமானத்திலிருந்தும், எழுத்துப்பூர்வ அனுமதி இல்லாமல் படம் எடுக்கக் கூடாது. அனுமதி கொடுக்கும் அதிகாரம் சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகத்துக்கு, அதாவது டிஜிசிஏவுக்கு. 1934-ஆம் ஆண்டு விமானச் சட்டத்தின் இடத்தில் புதிய சட்டம் 2025 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது. ‘பழைய சட்டமே போய்விட்டது, விதி மட்டும் எப்படி இருக்கும்’ என்று யாராவது தைரியம் சொன்னால் நம்பாதீர்கள். விதி அப்படியே இருக்கிறது.

இதில் கவனிக்க வேண்டிய சொல் ‘நிலையத்தில்’. சென்னை போல விமான நிலைய ஆணையத்தின் கீழ் இருக்கும் நிலையங்களில் முனையம், கார் நிறுத்துமிடம், ஓடுபாதைப் பக்கம் எல்லாமே இதற்குள் வரும். வழியனுப்ப வந்தவர் கையில் பார்வையாளர் டிக்கெட் இருப்பதும், பயணியிடம் போர்டிங் பாஸ் இருப்பதும் உள்ளே நுழையத்தான். கேமராவுக்கு அவை அனுமதி ஆகாது. வாசலில் குடும்பத்தோடு செல்ஃபி எடுப்பதை யாரும் தடுப்பதில்லை என்பது நடைமுறை, உரிமை அல்ல. பாதுகாப்புச் சோதனை நடக்கும் இடத்தில் போனைத் தூக்கவே தூக்காதீர்கள்.

பயணிகளுக்கு ஒரு சலுகை உண்டு. வழக்கமான பயணிகள் விமானத்துக்குள் உட்கார்ந்திருப்பவர் பறக்கும்போதும், ஏறும்போதும், இறங்கும்போதும் படம் எடுக்கலாம் என்று டிஜிசிஏ 2004-இல் விலக்கு கொடுத்தது. 2020 செப்டம்பரில் ஒரு விமானத்துக்குள் கேமராக்களோடு தள்ளுமுள்ளு நடந்த பிறகு மறுபடியும் அதை விளக்கியது: படம் எடுக்கலாம், ஆனால் கூச்சல் குழப்பம் உண்டாக்கும் கருவிகளுக்கும், விமான ஊழியர் வேண்டாம் என்று சொன்ன பிறகு எடுப்பதற்கும் இடமில்லை. நிறையப் பேர் கவனிக்காமல் விடுவது ஒன்று இருக்கிறது. அந்தச் சலுகை விமானத்தின் கதவோடு முடிந்துவிடுகிறது. படிக்கட்டில் இறங்கி, பஸ்ஸுக்கு நடக்கும் அந்த இருபது அடி தூரம் விமானத்துக்குள் இல்லை, விமான நிலையத்தில் இருக்கிறது. இன்ஜினுக்கு முன்னால் நின்று எடுக்கும் படத்துக்கு 2004 விலக்கு உதவாது.

இன்னொன்று, எல்லா விமான நிலையமும் ஒன்றல்ல. புனே, ஸ்ரீநகர், சண்டிகர், விசாகப்பட்டினம், கோவா டபோலிம் போன்றவை ராணுவத் தளங்கள். பயணிகள் விமானமும் அதே ஓடுபாதையைத்தான் பயன்படுத்துகிறது. 2025 மே மாதம் டிஜிசிஏ இப்படிப்பட்ட தளங்களில் படம், வீடியோ எதுவும் எடுக்கக் கூடாது என்று விமான நிறுவனங்களுக்குத் தெளிவாக உத்தரவிட்டது. 2004 சலுகையைச் சொல்லி அங்கே வாதாடாதீர்கள். எங்கே இறங்குகிறோம் என்று டிக்கெட் எடுக்கும்போதே பார்த்துக்கொள்ளுங்கள்.

சரி, மதிலுக்கு வெளியே? விதி 13 பொதுச் சாலையில் நிற்பவரைப் பற்றிப் பேசவில்லை. அதை வைத்துக்கொண்டு ‘எனக்கு உரிமை இருக்கிறது’ என்று நெஞ்சை நிமிர்த்திப் போவதும் ஆபத்துதான். ஏனென்றால் ராணுவ இடங்களுக்கு 1923-ஆம் ஆண்டு அலுவலக ரகசியச் சட்டம் இருக்கிறது. அது தடை செய்யப்பட்ட இடத்தின் அக்கம்பக்கத்தையும் சேர்த்துத்தான் பேசுகிறது. நாட்டின் பாதுகாப்புக்குக் கேடு செய்யும் நோக்கம் இருந்தால்தான் அதன் 3-ஆவது பிரிவு பாயும். உங்களுக்கு அந்த நோக்கம் இல்லை என்பது கடைசியில் நிரூபணமாகும். அதுவரை அலைவது நீங்கள்.

சென்னையையே எடுத்துக்கொள்ளுங்கள். பரங்கிமலை உச்சியில் நின்றால் ஓடுபாதை கண்ணுக்கு எதிரே விரிகிறது. ஆனால் மலையடிவாரம் கன்டோன்மென்ட், ராணுவ நிலம். மீனம்பாக்கத்திலேயே கடலோரக் காவல்படையின் விமானத் தளமும் இருக்கிறது. அவர்களுடைய டோர்னியர் ரோந்து விமானம் சட்டகத்துக்குள் வந்தால் உங்கள் படத்தின் தன்மையே மாறிவிடும். தாம்பரம் பக்கம் கேமராவோடு போகவே வேண்டாம், அது விமானப்படை. அதனால் புது இடத்துக்கு முதல் நாள் கேமரா இல்லாமல் போய்ப் பாருங்கள். ‘படம் எடுக்கத் தடை’ பலகை எங்கே இருக்கிறது, எந்த மதில் யாருடையது என்று நடந்து பார்த்துவிட்டு வாருங்கள். ஜனவரி 26-க்கும் ஆகஸ்ட் 15-க்கும் முன்பின் நாட்களில் விமான நிலையங்களில் உஷார் நிலை. பார்வையாளர் டிக்கெட்டையே நிறுத்திவிடுவார்கள். அந்த நாட்களில் கேமரா வீட்டிலேயே இருக்கட்டும். மதில் மேல் ஏறாதீர்கள், ஏணி போடாதீர்கள். யாருடைய மொட்டை மாடியிலாவது நிற்பதென்றால் வீட்டுக்காரரிடம் கேட்டுவிட்டு, அவரும் வீட்டில் இருக்கும் நேரத்தில் நில்லுங்கள்.

இரண்டு கருவிகள் இந்தப் பொழுதுபோக்கை வழக்காக மாற்றிவிடும். ஒன்று ட்ரோன். 2021 ட்ரோன் விதிகளின்படி விமான நிலைய எல்லையிலிருந்து 8 முதல் 12 கிலோமீட்டர் வரை 200 அடி உயரத்துக்குள் மட்டும்தான் தனி அனுமதி இல்லாமல் பறக்கவிடலாம். 8 கிலோமீட்டருக்குள் அந்த வசதியும் கிடையாது. இன்னொன்று விமானிகளின் பேச்சைக் கேட்கும் ரேடியோ ரிசீவர். வெளிநாட்டில் இதைச் சாதாரணமாகக் கையில் வைத்திருக்கிறார்கள். 2010-இல் டெல்லி விமான நிலையம் அருகே ஓட்டலில் தங்கியிருந்த இரண்டு பிரிட்டிஷ்காரர்கள், விமானம் பார்ப்பதையே பொழுதுபோக்காகக் கொண்டவர்கள், இப்படி ஒரு ரிசீவரும் தொலைநோக்கியும் வைத்திருந்ததால் கைதாகி, தந்திச் சட்டத்தின் கீழ் வழக்கைச் சந்தித்துவிட்டுத்தான் ஊர் திரும்பினார்கள். போனில் ஃப்ளைட்ரேடார்24 செயலியைப் பார்த்தாலே எந்த விமானம் எப்போது வருகிறது என்று தெரிந்துவிடும். ரிசீவர் வேண்டாம்.

‘முறையாக அனுமதி வாங்கிவிட்டுப் போகலாமே’ என்பார்கள். போய்ப் பார்த்தவர்களைக் கேளுங்கள். விமான நிலைய அலுவலகம் ‘டிஜிசிஏ கடிதம் கொண்டு வாருங்கள்’ என்கிறது. அங்கே எழுதினால் ‘நிலையத்தின் தடையில்லாச் சான்று எங்கே’ என்கிறார்கள். உள்ளே போக வேண்டுமென்றால் சிவில் விமானப் பாதுகாப்புப் பணியகத்தின் நுழைவுச் சீட்டு தனி. ஒருவர் ஏழு மாதம் அலைந்தார். ஏழு மாதமும் வாய்மொழி பதில்தான். முடியாது என்றுகூட யாரும் எழுதித் தரவில்லை. எழுதிக் கொடுத்தால் மேல்முறையீடு செய்துவிடுவார்களே!

வாய்மொழியாகக் கேட்டுக்கொண்டே இருந்தால் ஒன்றும் நகராது. விண்ணப்பத்தில் ‘பொழுதுபோக்குக்காக’ என்று மட்டும் எழுதினால் அது எந்த மேசைக்கும் சேராது. எந்த நிலையம், எந்த இடம், எந்தத் தேதி, எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை, யார் யார், எந்த கேமரா, எத்தனை லென்ஸ், படத்தை என்ன செய்யப் போகிறீர்கள் என்று எழுதுங்கள். ஒரே கடிதத்தை நிலைய இயக்குநருக்கும் டிஜிசிஏவுக்கும் ஒரே நாளில் ஸ்பீட் போஸ்டில் அனுப்புங்கள். முப்பது நாள் கழித்து 10 ரூபாய் கட்டணத்தில் தகவல் உரிமை மனு போட்டு, ‘எனது இந்தத் தேதிக் கடிதம் இன்று யார் மேசையில் இருக்கிறது, என்ன நடவடிக்கை’ என்று கேளுங்கள். அந்த மனுவை விமான நிலைய ஆணையத்துக்கும் டிஜிசிஏவுக்கும் போடுங்கள். விமான நிலையத்தைக் காவல் காக்கும் மத்திய தொழில் பாதுகாப்புப் படைக்கு, அதாவது சிஐஎஸ்எஃப்புக்குப் போட்டு நாளை வீணாக்காதீர்கள். ஊழல், மனித உரிமை மீறல் தவிர மற்றவற்றுக்கு அவர்களுக்குத் தகவல் உரிமைச் சட்டத்தில் விலக்கு உண்டு. அனுமதி கிடைத்தால் அதில் இருக்கும் ஒவ்வொரு வரியையும் படியுங்கள். கடிதத்தில் ஒருவர் பெயர் இருந்து இரண்டு பேர் போனால் இரண்டு பேருக்குமே சிக்கல்.

இனி பிடிபட்டால் என்ன செய்வது. முதலில் கேமராவை இறக்குங்கள். ஓடாதீர்கள், சட்டம் பேசாதீர்கள். அடையாள அட்டையும் கேமரா பில்லின் நகலும் பையில் இருக்கட்டும். எடுத்த படங்களைக் காட்டுங்கள், மறைக்க ஒன்றும் இல்லை. ‘அழித்துவிடு’ என்பார்கள். பயத்தில் எல்லாரும் அழிக்கிறார்கள். பயணிகள் விமானத்தைத் தவிர வேறெதையும் எடுக்கவில்லை என்பதற்கு உங்களிடம் இருக்கும் ஒரே ஆதாரம் அந்தப் படம்தான். ‘நீங்களே பார்த்து எழுதிக்கொள்ளுங்கள் சார், தேவைப்பட்டால் மகஜர் போட்டு எடுத்துக்கொள்ளுங்கள்’ என்று பணிவாகச் சொல்லுங்கள். மகஜர் என்பது கைப்பற்றிய பொருளின் விவரத்தைச் சாட்சிகளோடு எழுதும் பதிவு. சிஐஎஸ்எஃப் கைது செய்தால் தாமதமில்லாமல் உள்ளூர் போலீஸிடம் ஒப்படைக்க வேண்டும். போலீஸ் கைது செய்தால் காரணத்தைச் சொல்ல வேண்டும், வீட்டுக்குத் தெரிவிக்க வேண்டும், 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும். 15 வயதுக்குக் கீழுள்ள பையனையும், எந்த வயதுப் பெண்ணையும் சாட்சி விசாரணைக்கு ஸ்டேஷனுக்கு வரச் சொல்ல முடியாது. வீட்டுக்கு வந்துதான் கேட்க வேண்டும் என்கிறது, பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் இடத்தில் வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 179-ஆவது பிரிவு. 15100 என்ற எண்ணில் இலவசச் சட்ட உதவி கேட்கலாம்.

அப்புறம் அந்த வெள்ளைத்தாள். விசாரணையில் போலீஸ் எழுதும் வாக்குமூலத்தில் சொன்னவரிடம் கையெழுத்து வாங்கக் கூடாது. அதே சட்டத்தின் 181-ஆவது பிரிவு. மன்னிப்புக் கடிதம் என்று தனியாக எதுவும் எந்தச் சட்டத்திலும் இல்லை. ஆனால் இரவு எட்டு மணிக்கு, வெளியே அம்மா அழுதுகொண்டு நிற்கும்போது, பிள்ளைகள் எழுதிக் கொடுத்துவிடுகிறார்கள். எழுதித்தான் ஆக வேண்டும் என்ற நிலை வந்தால் நடந்ததை மட்டும் எழுதுங்கள்: இன்ன தேதி, இன்ன நேரம், இன்ன பெயருள்ள பொதுச் சாலையில் நின்று, பயணிகள் விமானத்தைப் படம் எடுத்தேன். ‘தடை செய்யப்பட்ட’, ‘அனுமதி இல்லாமல்’ என்ற சொற்களை அவர்கள் சொல்லச் சொல்ல எழுதாதீர்கள். எழுதிய தாளை போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். வெற்றுத்தாளில் கையெழுத்து ஒருபோதும் வேண்டாம்.

கார்டோ போனோ எடுத்துக்கொண்டால் மகஜர் நகலைக் கேளுங்கள். கைப்பற்றியதை மாஜிஸ்திரேட்டுக்குத் தெரிவிக்க வேண்டியது அவர்கள் கடமை. திரும்பக் கேட்டு அதே சட்டத்தின் 503-ஆவது பிரிவின்படி மாஜிஸ்திரேட்டிடம் மனு போடலாம். மகஜரே போடவில்லை என்றால் மறுநாளே அதே ஸ்டேஷனில், எடுத்த பொருள், நேரம், எடுத்த காவலரின் சட்டையில் இருந்த பெயர் எல்லாம் எழுதி மனு கொடுத்து, மனு பதிவானதற்கு ஸ்டேஷனில் தரும் சிஎஸ்ஆர் ரசீதை வாங்குங்கள். ரசீது தர மறுத்தால் அதே மனுவை ஸ்பீட் போஸ்டில் துணை ஆணையருக்கு அனுப்புங்கள். அந்தப் பையனுக்காக நாங்கள் போட்ட மனுவுக்கு மூன்றாம் முறை போனபோதுதான் சிஎஸ்ஆர் கிடைத்தது. கார்டு இன்னும் வரவில்லை. அடுத்த வாரம் மாஜிஸ்திரேட் கோர்ட்டுக்குப் போகிறோம்.