கபிலக் கொழுப்பு: ‘நல்ல கொழுப்பு’ என்னும் பிழையான பெயரைப் பற்றி

உடலில் வெப்பத்தைப் பிறப்பிக்கின்ற ஒருவகைக் கொழுப்பிழையம் பற்றி நம் பத்திரிகைகளின் சுகாதாரப் பக்கங்களும் வானொலி மருத்துவ நிகழ்ச்சிகளும் இப்போது அடிக்கடி பேசுகின்றன. பேசட்டும், பேச வேண்டிய பொருள்தான். ஆனால் அவற்றுட் பல அதற்கு ‘நல்ல கொழுப்பு’ என்று பெயரிடுகின்றன. வேறு சில ‘பழுப்புக் கொழுப்பு’ என்கின்றன. இவற்றுள் இரண்டாவது பெயர் நம் இலங்கை வழக்குக்குப் பொருந்தாதது. முதலாவதோ எந்த நாட்டு வழக்குக்கும் பொருந்தாதது. நோயாளியைத் தவறான வழியில் நடத்தக்கூடியது. உரிய சொல் ‘கபிலக் கொழுப்பு’ என்பதே என் துணிபு.

சொல்லின் பிறப்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ‘கொழு’ என்னும் வினையடியிலிருந்து கொழுப்பு வந்தது. தடித்தல், செழித்தல் என்பன அதன் அடிப்பொருள். செருக்கு என்னும் பொருளும் அதன் வழியே கிளைத்தது. பழந்தமிழில் வழங்கிய ‘நிணம்’ இப்போது நிணநீர் என்னும் கலைச்சொல்லுக்குள் அடங்கிவிட்டதால் அதை மீட்டெடுத்துப் பயனில்லை. ‘கபிலம்’ ஆங்கிலத்தில் ‘பிறவுண்’ எனப்படும் நிறத்தைக் குறிக்கும் வடசொல், கபிலைப் பசு என்று நெடுங்காலமாக நம்மிடம் வழங்கிவரும் சொல்லும் அதுவே.

பொருளின் வரலாறு இன்னும் சுவையானது. சுவிற்சர்லாந்து இயற்கையியலாளர் கொன்ராட் கெஸ்னர், குளிர்காலம் முழுவதும் உறங்கும் மார்மொட் என்னும் மலைக் கொறித்துண்ணியின் முதுகில் இந்த இழையத்தைக் கண்டு, இது கொழுப்புமன்று, தசையுமன்று என்று 1551 இல் எழுதினார். கபிலக் கொழுப்புக் கலங்களும் தசைக் கலங்களும் ஒரே மூதாதைக் கலங்களிலிருந்து தோன்றுகின்றன என்று எலிகளில் நடந்த ஆய்வொன்று 2008 இல் காட்டியபோது, அந்தப் பழைய வரி எவ்வளவு கூர்மையான அவதானிப்பு என்பது விளங்கிற்று. இதன் நிறமும் தற்செயலானதன்று. வெண்கொழுப்புக் கலத்தில் ஒரே பெரிய கொழுப்புத் துளியும், கலத்துக்குச் சக்தியை ஆக்கித்தரும் நுண்ணுறுப்புகளான இழைமணிகள் மிகச் சிலவும் இருக்கும். கபிலக் கொழுப்புக் கலத்திலோ பல சிறு துளிகளும், இரும்பைக் கொண்ட சைற்றோகுரோம் புரதங்கள் நிறைந்த எண்ணற்ற இழைமணிகளும் இருக்கும், சுற்றிலும் குருதி மயிர்க்குழாய்கள் நெருக்கமாக ஓடும். அந்த இழைமணிகளின் உள்மென்சவ்வில் இருக்கும் தேர்மோஜெனின் என்னும் புரதம் புரோத்தன்களை, கலத்தின் சக்தி நாணயமான ஏ.ரி.பி.யின் ஆக்கத்தின் வழியே செல்லவிடாமல் நேரே கசியவிடுவதால், எரிபொருளின் சக்தி வெப்பமாக வெளிப்படுகிறது. ஆகவே நிறத்தைச் சொன்னாலே தொழிலையும் பாதி சொன்னதாகிறது.

இனி ‘பழுப்பு’. தமிழ்நாட்டில் இந்த நிறத்துக்கு அதுவே பெயர். நெய்வேலியில் வெட்டியெடுப்பது பழுப்பு நிலக்கரி. அங்குள்ளவர்கள் ‘பழுப்புக் கொழுப்பு’ என்று எழுதினால் அவர்களின் வாசகர்கள் சரியாகவே விளங்கிக்கொள்வர். இலங்கையில் நிலைமை வேறு. நம் பிள்ளைகள் பாடப்புத்தகத்தில் கற்பது கபில நிறம். நெற்பயிரைத் தாக்கும் பூச்சியை நம் விவசாயிகள் கபிலநிறத் தத்தி என்கின்றனர். நமக்குப் பழுப்பு என்பது உதிரப்போகும் இலையின் நிறம், பெட்டிக்குள் நெடுங்காலம் கிடந்த உறுதிப் பத்திரத்தின் நிறம். பழு என்னும் அடியே முதிர்வைத்தான் குறிக்கிறது. குருத்தோலைக்கு எதிர்ச்சொல்லாக நாம் சொல்வது பழுத்தோலை. அப்படியிருக்க, பழுப்புக் கொழுப்பு என்றதும் நம்மவர் மனத்தில் எழுவது முதுமையில் உடலில் தேங்கிக் கெட்டுப்போன ஏதோ ஒன்று. உண்மை இதற்கு நேர்மாறானது: நடுங்கிச் சூடேறும் ஆற்றல் இன்னும் வாய்க்காத பச்சிளங் குழந்தையிலேயே இந்த இழையம் நிறைந்திருக்கிறது, வயது ஏற ஏறக் குறைகிறது. தூய தமிழை விரும்புவோர் கபிலத்தை விலக்கிப் பழுப்பை ஏற்கச் சொல்கின்றனர். தூய்மையை நானும் மதிக்கிறேன். ஆயினும் ஒரு கலைச்சொல் முதலில் செய்யவேண்டிய வேலை பொருளைப் பிறழாமல் கொண்டுசேர்ப்பது. அதைச் செய்யாத தூய சொல்லைவிட, செய்கின்ற வடசொல் மேலானது.

‘நல்ல கொழுப்பு’ இதனிலும் பெரிய கேடு. அந்தப் பெயர் ஏற்கெனவே வேறொன்றுக்கு வழங்கிவிட்டது. எச்.டி.எல். என்னும் உயரடர்த்திக் கொழுப்புப்புரதம் ஏந்திச் செல்லும் கொலஸ்திரோலைப் பல ஆண்டுகளாக நல்ல கொழுப்பு என்றும், எல்.டி.எல். என்னும் தாழடர்த்திக் கொழுப்புப்புரதம் ஏந்திச் செல்வதைக் கெட்ட கொழுப்பு என்றும் சொல்லிவருகிறோம். அந்த வழக்கே பிழையானது. கொலஸ்திரோல் கட்டமைப்பில் கொழுப்பன்று. பித்தம், திண்மம் என்னும் பொருளுடைய கிரேக்கச் சொற்களால் அதற்குப் பெயரிட்டதற்குக் காரணம் அது பித்தக்கற்களிலிருந்து பிரித்தறியப்பட்டதே. அதில் நல்லது கெட்டது என்று இரு வகையும் இல்லை. புறக்கோட்டையிலிருந்து வெளியூர் செல்லும் லொறியிலும் வெளியூரிலிருந்து புறக்கோட்டைக்கு வரும் லொறியிலும் இருப்பது ஒரே அரிசியாக இருப்பதுபோல, எச்.டி.எல்., எல்.டி.எல். என்னும் இரண்டு காவிச் செல்லும் புரதங்களிலும் இருப்பது ஒரே கொலஸ்திரோல்தான். இப்படி முன்பே குழம்பிய ஒரு பெயரை எடுத்து, கழுத்தடியிலும் காறை எலும்பின் மேலும் முள்ளந்தண்டின் ஓரத்திலும் உறையும் ஓர் இழையத்துக்குச் சூட்டினால் என்னவாகும்?

என்னவாகும் என்பதை வெள்ளவத்தையில் ஒரு குருதிப் பரிசோதனை நிலையத்தின் கருமபீடத்தில் கேட்டேன். வயதான ஓர் அம்மா தம் அறிக்கையில் எச்.டி.எல். வரியில் விரலை வைத்து, “பிள்ளை, நல்ல கொழுப்பு 38 எண்டு போட்டிருக்கு. குளிர் தண்ணியில குளிச்சா நல்ல கொழுப்பு கூடும் எண்டு ரேடியோவில சொன்னவை. எத்தினை நாளில இது ஏறும்?” என்று கேட்டார். கருமபீடத்திலிருந்த பெண் பிள்ளை பொறுமையாக, “அம்மா, அதை டொக்டரிட்டக் கேளுங்கோ” என்றாள். வானொலி குறித்தது கபிலக் கொழுப்பை, அறிக்கை குறித்தது எச்.டி.எல்.லை. அம்மாவின் கேள்வியில் தருக்கப் பிழை எதுவும் இல்லை. இரண்டு பொருளுக்கு ஒரே பெயரைச் சூட்டியவர்கள் அவரை அந்த இடத்துக்குக் கொண்டுவந்து விட்டார்கள். குருதிப் பரிசோதனை கபிலக் கொழுப்பை அளப்பதில்லை. அதைக் காண, கதிரியக்கக் குறியிட்ட குளுக்கோசு எங்கே உறிஞ்சப்படுகிறது என்று காட்டும் பொசித்திரன் உமிழ்வுப் படமெடுப்பு வேண்டும். வளர்ந்தோரிலும் இந்த இழையம் இயங்குகிறது என்பதை அமெரிக்கா, நெதர்லாந்து, பின்லாந்து ஆய்வுக் குழுக்கள் 2009 இல் நிறுவியது அந்த முறையினால்தான். நெதர்லாந்துக் குழு ஆய்வுக்கு வந்தோரை 16 பாகை செல்சியசில் இருத்திப் படமெடுத்தது. இரவிலும் 20 பாகைக்குக் கீழே இறங்குவது அரிதான கொழும்பில், குழாய்த் தண்ணீரில் குளிக்கச் சொல்லும் அறிவுரையாளர் இந்த எண்ணையேனும் பார்த்திருக்கலாம்.

‘நல்ல’ என்னும் அடைமொழி ஒரு தீர்ப்பு. தீர்ப்பு வழங்கும் அளவுக்கு ஆய்வு முடிந்துவிட்டதா என்றால், இல்லை. குளிரால் தூண்டப்பட்ட கபிலக் கொழுப்பு குருதியில் ஓடும் கொழுப்பான மூகிளிசரைட்டுகளை விரைந்து அகற்றுகிறது என்று 2011 இல் எலிகளில் காட்டப்பட்டது. 2013 இல் வேறோர் ஆய்வில், குளிரூட்டப்பட்ட எலிகளின் நாடிச் சுவர்ப் படிவுகள் பெருகின, உறுதியும் இழந்தன. அந்த விளைவு தேர்மோஜெனினைச் சார்ந்தே நிகழ்ந்தது. 2015 இல் இன்னொரு வகை எலிகளில், கபிலக் கொழுப்பைத் தூண்டியபோது அதே படிவுகள் குறைந்தன. ஈரல் கொழுப்புப்புரத எச்சங்களை ஏற்று அகற்றும் வழி முன்னைய எலிகளில் பழுதுபட்டும் பின்னையவற்றில் செயற்பட்டும் இருந்தமையே இந்த முரணுக்கு விளக்கமாகக் கூறப்படுகிறது. மனிதரைப் பொறுத்தவரை, நியூயோர்க்கில் 52,000 இற்கு மேற்பட்ட நோயாளரின் படங்களை ஆராய்ந்து 2021 இல் வெளிவந்த ஆய்வு, கபிலக் கொழுப்புத் தென்பட்டோரில் இரண்டாம் வகை நீரிழிவும் முடியுரு நாடி நோயும் உயர் குருதியமுக்கமும் குறைவாகக் காணப்பட்டதாகச் சொன்னது. நீரிழிவு அவர்களில் 4.6 வீதம், ஏனையோரில் 9.5 வீதம். நம்பிக்கை தரும் செய்திதான். எனினும் அது தொடர்பைக் காட்டுகிறதே தவிரக் காரணத்தை நிறுவவில்லை. எச்.டி.எல்.லை ‘நல்லது’ என்று அழைத்த பழக்கத்தாலேயே அதை உயர்த்தினால் இதயம் பிழைக்கும் என்று பலர் நம்பினர், எச்.டி.எல்.லை வெகுவாக உயர்த்திய ரோர்செற்றபிப் என்னும் மருந்தின் பெரும் பரிசோதனை, மரணங்கள் கூடியதால் 2006 டிசெம்பரில் நிறுத்தப்பட்டது. பெயரிலேயே தீர்ப்பை எழுதிவிட்டால் பிறகு சான்று மாறும்போது பெயரை மாற்ற முடியாது.

இந்தப் பிழையின் ஊற்று மொழிபெயர்ப்பு மேசையில் இருக்கிறது. ஆய்வாளர் நிறத்தைக் கொண்டு பெயரிட்டதைச் செய்தியாளர் தலைப்புக்காக ‘நல்ல’ என்று மாற்றுகிறார். நம் மொழிபெயர்ப்பாளர் கட்டுரையை விட்டுத் தலைப்பை மொழிபெயர்க்கிறார். கொழும்பில் ஒரு துண்டுப்பிரசுரம் ஆங்கிலத்தில் எழுதப்பட்டு, சிங்களத்துக்குப் போய், அச்சுக்குச் செல்லும் நாளின் மாலையில்தான் தமிழுக்கு வருகிறது. அவசரத்தில் இணையத்தில் கிடைக்கும் இந்தியச் சொற்கள் நம் சொற்களோடு கலக்கப்படுகின்றன. அண்மையில் என் கைக்கு வந்த ஒன்றில் ஒரே பந்தியில் ‘அனுசேபம்’ என்றும் ‘வளர்சிதை மாற்றம்’ என்றும், ‘இழையம்’ என்றும் ‘திசு’ என்றும், ‘நாடி’ என்றும் ‘தமனி’ என்றும் இருந்தன. சாதாரண தரத்தில் விஞ்ஞானம் கற்ற மாணவருக்கே இவை ஆறு வெவ்வேறு பொருள்களாகத் தோன்றும். யாழ்ப்பாணத்து மானிப்பாயில் அமெரிக்க மிசனரி மருத்துவர் கிறீன் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே தமிழில் மருத்துவம் கற்பித்த நாடு இது. அரசகரும மொழித் திணைக்களத்தின் சொற்றொகுதிகளும் நம்மிடம் உண்டு. அவற்றைப் புரட்டிப் பார்க்கும் பொறுமை மட்டும் அருகிவிட்டது.

கபிலம் என்று கொண்டால் அடுத்துவரும் சொற்களும் இடறாமல் அமையும். வெண்கொழுப்பு, கபிலக் கொழுப்பு என்னும் இரண்டுக்கும் இடையில், வெண்கொழுப்புப் படுகைக்குள்ளேயே குளிரினால் தோன்றும் மூன்றாவது வகைக் கலங்கள் உள்ளன. அவற்றை இளங்கபிலக் கொழுப்பு எனலாம். வெண்கொழுப்பு அத்தன்மை பெறும் நிகழ்வைக் கபிலமாதல் எனலாம். ‘நல்ல கொழுப்பு’ என்று தொடங்கியவர் இந்த மூன்றாவதுக்கு என்ன பெயர் வைப்பார்? முதன்முறை கேட்கும் வாசகருக்காகச் சுகாதாரப் பக்கங்கள் முதலிடத்தில் ‘வெப்பம் பிறப்பிக்கும் கபிலக் கொழுப்பு’ என்று விரித்தெழுதி, அதன் பின் கபிலக் கொழுப்பு என்றே தொடரலாம். பரிசோதனை அறிக்கைகளிலும் ‘நல்ல’, ‘கெட்ட’ என்பவற்றை நீக்கி எச்.டி.எல். கொலஸ்திரோல், எல்.டி.எல். கொலஸ்திரோல் என்று அச்சிட்டால், வெள்ளவத்தைக் கருமபீடத்தில் இருக்கும் அந்தப் பிள்ளையே விளக்கம் சொல்லிவிடுவாள்.